காட்டு எண்ணெய்

"இதுதானா அது?"

அம்மா அந்த மாத்திரையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கடை வாசல் பக்கம் திரும்பி, வெயிலில் காட்டிப் பார்த்தாள். மஞ்சளாக, வழுவழுவென்று, உள்ளே எண்ணெய் நிறைந்த மாத்திரை. அழுத்திப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். வாசம் எதுவும் வரவில்லை போலிருக்கிறது, மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் ஒரு சீனர் மருந்துக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் அம்மா ஒரே ஒரு முறைதான் கடைக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் அப்புறம் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறார். நல்லா கேட்டீங்க போங்க. தப்பித்துவிடலாம் என்றுதான் அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன்.

அன்றைக்கு அம்மா கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் பை இல்லை. முருங்கைக்கீரையோ மரவள்ளிக்கிழங்கோ இல்லாமல் என் அம்மா என்னைப் பார்க்க வந்ததே கிடையாது. அதைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"என்னாம்மா திடீர்னு? பூங்கொடிக்கு ஏதாச்சுமா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. ஒன்ன ஒண்ணு கேக்கணும், அதான் வந்தேன்."

"கேக்குறதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? குனோங் ராபாட்டுக்கு, வீட்டுக்கே வந்திருக்கலாம்லா."

"வீட்ல ஒம்புருசன் இருப்பாரு. மீனெண்ணெ மாத்திரைன்னு விக்கிறாங்களாமே, அத எடு, பாப்போம்."

எடுத்துக் காட்டினேன். பார்த்தாள், மோந்தாள், என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"சரோஜா, அன்னிக்கு பூங்கொடிக்கு இத குடுத்திருந்தா அவ கண்ணு நின்னிருக்குமா?"

பூங்கொடி என் தங்கை. அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லுமுன், அந்த எண்ணெய் எங்கள் தோட்டத்துக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

காட்டிலிருந்து வந்தது

எங்கள் அம்மா அஞ்சலை, தோட்டத்து ஆயா. ஆயாக் கொட்டகை என்று ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. பெண்கள் விடியலில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஏழெட்டு ஏணைகள், ஒரு பெரிய பால் அண்டா, வரிசையாகத் தகரக் குவளைகள். அந்தக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அம்மா. ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு சிந்திவிட்டவள் அவள்தான். பின்னாளில் மீசை வைத்த ஆம்பிளைகள்கூட அவளைக் கண்டால் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவராக, இருந்தவர் ஞானமுத்து. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். அவர்தான் ஒருநாள் பெரிய பெரிய போத்தல்களைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு கரண்டி கொடுக்க வேண்டும் என்றார்.

"இது என்னா எண்ணெங்கய்யா?"

"காட்லிவர் ஆயில்."

அம்மாவுக்குக் கேட்டது, காட்டு லிவர். லிவர் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? அந்தச் சொல் இரண்டாம் நாளே உதிர்ந்துபோனது. மிச்சம் நின்றது காட்டு எண்ணெய்.

பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் கதைக்கா பஞ்சம்? தோட்டத்துக்குப் பின்னால் மலைக்காடு இருந்தது. அங்கே ஏதோ ஒரு மரத்து வேரை இடித்து எடுக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. வேர் இல்லை, கொட்டை என்றாள் இன்னொருத்தி. குடித்தால் புலிக்கு இருக்கிற மாதிரி கண் பார்வை வரும் என்று எங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறார். பாவம், அவர் அதற்கடுத்த வருஷமே மழையில் நனைந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

மீன் நாற்றம் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெரியாமல் என்ன, குமட்டிக்கொண்டு வரும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவோம். விழுங்கியதும் அம்மா நாக்கில் ஒரு கல் உப்பை வைப்பாள், ஓங்கரிப்பு அடங்கும். ஆனால் அதைக் காட்டு எண்ணெய் என்று ஒருமுறை நம்பிவிட்ட பிறகு, மூக்கும் அதையே நம்பியது. "காட்டுல இருந்து வர்றது நாறத்தான் செய்யும், வாயத் தொற" என்பாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மீன் தொடாத வீட்டுப் பிள்ளைகளும் குடித்தார்கள். புரட்டாசி சனிக்கிழமைக்கு விரதம் இருந்த வீட்டுப் பிள்ளைகளும் குடித்தார்கள். அம்மா தன் விரத நாளில்கூட, பிள்ளைகளுக்கு ஊற்றி முடித்தபின் கரண்டியில் ஒட்டியிருந்ததை வீணாக்காமல் வழித்து நக்குவாள்.

ஞானமுத்து டிரசருக்கு இந்தக் கூத்து எல்லாம் தெரியும். ஒருநாள் அம்மா, "ஐயா, காட்டு எண்ணெ தீரப்போவுது" என்று சொன்னபோது அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன். அவர் திருத்தவில்லை. பிள்ளைகள் குடிக்கிறார்கள், தேறுகிறார்கள், அது போதும் அவருக்கு.

போத்தலில் ஒரு மீன்

அப்புறம் தோட்டம் கைமாறியது. துண்டு துண்டாக விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு, இல்லை என்று ஒரு பேச்சு. அந்தக் குழப்பத்தில் கொட்டகைக்கு எண்ணெய் வருவது நின்றது. பாலும் தண்ணீரானது. நெடுநாள் கழித்து மறுபடியும் எண்ணெய் வந்தபோது போத்தல் புதிது, ஒட்டியிருந்த தாளும் புதிது. அந்தத் தாளில் ஒரு மீன் படம் போட்டிருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மீனை மீன் என்று அறியப் படிப்பு எதற்கு?

போத்தலைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, மருந்து மாறி வந்துருச்சு பாருங்க. மீனு போட்டுருக்கு."

டிரசர் போத்தலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் ஒருமாதிரி ஆனது.

"மாறலை ஆயா. எப்பவும் இதுதான். காட்-ங்கிறது ஒரு கடல் மீனு. அதோட ஈரல்ல இருந்து எடுக்குற எண்ணெ."

"அப்ப இத்தன நாளும்?"

"இத்தன நாளும் இதுதான்."

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பெரிய சண்டை. "வெள்ளிக்கெழம விரதத்துலயும் எம்புள்ள வாயில மீன ஊத்துனியா நீ?" என்று ஒருத்தி குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். யார் என்ன பேசினாலும் திருப்பிக் கொடுக்கும் என் அம்மா அன்றைக்குத்தான் வாயடைத்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொம்பளையின் குடத்தை லோங்காங்கில் உருட்டிவிட்டேன், சாக்கடைத் தண்ணீரோடு போகட்டும் என்று. அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

அன்றோடு காட்டு எண்ணெய் என்ற பெயர் செத்தது. மீனெண்ணெய் என்றார்கள். பலர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். தெரியாமல்தான் செய்தேன் என்பதை ஊருக்குக் காட்ட, அம்மா முதலில் தன் பிள்ளைக்கு நிறுத்தினாள். பூங்கொடிக்கு.

பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். பூங்கொடி கொட்டகை வாசலில் ஆடிக்காட்டினாள், "எனக்கில்ல, எனக்கில்ல" என்று. அவளுக்கு அப்போது பள்ளிக்குப் போகிற வயதுகூட இல்லை. அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் சோறு, நெத்திலிச் சம்பல், வரக்கோப்பி, அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் அவள் நிலைப்படியில் தடுக்கிக்கொள்வாள். "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று அம்மா வைவாள். அது வெறும் அசட்டை இல்லை என்பது மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கண்ணுக்கான சத்து குறைந்தால் முதலில் அந்திப் பார்வைதான் மங்குமாம்.

ஆத்தா வந்த வீடு

அந்த வருஷக் கடைசியில் லயத்து வரிசை வீடுகளில் அம்மை இறங்கியது. தட்டம்மை. எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை தொங்கியது.

தமிழ் வீட்டில் அம்மை வந்தால் அது நோயில்லை, ஆத்தா வந்திருக்கிறாள். தாளிக்கக் கூடாது. மீன், கருவாடு வாசலைத் தாண்டக் கூடாது. வெளியே போய்வந்த ஆள் அப்படியே உள்ளே நுழையக் கூடாது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, இளநீர், மோர்ச்சோறு. இதையெல்லாம் கேலி செய்ய நான் எழுதவில்லை. ஆத்தாவுக்குப் பயந்து எத்தனையோ வீட்டில் பிள்ளையைத் தரையில் விடாமல் தொட்டிலாட்டியிருக்கிறார்கள், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நானும் என் பிள்ளைகளுக்கு வேப்பிலை கட்டியவள்தான்.

பூங்கொடிக்கு மேலெல்லாம் சிவந்து கொட்டியது. கண்ணைத் திறந்தால் கூசுகிறது என்று அழுதாள். அம்மா சாக்கைத் தொங்கவிட்டு சன்னலை மூடினாள். அந்த இருட்டறையில் வேப்பிலைப் படுக்கையில் அவள் கிடந்தாள். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க யாருக்கும் வெளிச்சம் இல்லை.

ஒரு காலை நேரம், டிரசர் எங்கள் வாசலுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார். கையில் அந்தப் போத்தல்.

"அஞ்சலை, புள்ள கண்ணத் தொறக்குறாளா?"

"கூசுதுங்கய்யா. இருட்டுல போட்டு வச்சிருக்கேன்."

"இத காலைல ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி குடு. இப்பத்தான் ரொம்ப வேணும். கண்ணுக்கு நல்லது."

அம்மா போத்தலைப் பார்த்தாள். தாளில் இருந்த மீன் அப்படியே இருந்தது.

"ஐயா, ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கா. மீனு வாசலத் தாண்டக் கூடாது. தண்ணி ஊத்துனதும் குடுக்குறேன்."

அவர் நின்றார். என்னமோ சொல்ல வாய் எடுத்தார். வேதக்காரர் ஒருவர், ஆத்தா இறங்கிய வீட்டு வாசலில் நின்று, ஆத்தாவைப் பார்க்காதே, இந்த மீனைக் கொடு என்று எப்படிச் சொல்வார்? யாருடைய நம்பிக்கையையும் சுண்டுவிரலால்கூடத் தொடாத மனுஷன் அவர்.

"சரி ஆயா. தண்ணி ஊத்துனதும் மறக்காம குடு" என்று சொல்லிவிட்டு, லோங்காங் ஓரத்துக் கட்டையில் போத்தலை வைத்துவிட்டுப் போனார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அது அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் போகவும் வரவும் நாங்கள் அதைத் தாண்டித்தான் நடந்தோம்.

தண்ணீர் ஊற்றிய காலை. முற்றத்தில் நல்ல வெயில். அம்மா வேப்பிலை போட்டுக் காயவைத்த தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டி, ஒட்டியிருந்த இமைகளை மெல்லத் துடைத்துவிட்டு, வெயில் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். பூங்கொடி முகத்தை அண்ணாந்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"அம்மா, ஏன் இன்னும் விடியல?"

இரண்டு கண்ணிலும் கருவிழி மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

அந்தக் கேள்வியை எழுதும்போது இப்போதும் என் கை நிற்கிறது. கொஞ்ச நேரம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன்.

தைப்பிங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே எப்போதும்போல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், தமிழ் தெரிந்த ஒரு தாதியைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லச் சொன்னார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. அம்மா அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று சொன்னாள்: "ஆத்தா கண்ண எடுத்துக்கிட்டு உசுரக் குடுத்துட்டா." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அத்தனை வருஷமும் நிமிர்ந்து நடந்தாள்.

டிரசர் அதற்கப்புறம் அதிக நாள் எங்கள் தோட்டத்தில் இல்லை. போகிற அன்று லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாப்பா, ஒங்கம்மா போத்தலக் கொண்டாந்த அன்னிக்கே அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு, இது பழைய காட்டு எண்ணெதான் ஆயான்னு சொல்லியிருக்கலாம். அது பொய்யின்னு வாய் வரல."

சொல்லாத பதில்

இப்போது மருந்துக்கடைக்குத் திரும்புவோம். அம்மா என் பதிலுக்காக நிற்கிறாள்.

"யாரும்மா இத சொன்னா ஒங்களுக்கு?"

"ரேடியோவுல ஒரு டாக்டரு பேசுனாரு. அம்ம போட்டா ஒடம்புல இருக்குற கண்ணு சத்து கரைஞ்சு போயிருமாம். அந்தச் சத்து மீனெண்ணெயில இருக்காம்."

"பூங்கொடி கேட்டாளா?"

"பூ கட்டிக்கிட்டு இருந்தா. நான் சட்டுனு அணைச்சுப்புட்டேன்."

மீனெண்ணெய் அப்போது ஈப்போவில் நாகரிகமாகிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, பிள்ளைகளுக்கு மூளை வளரும் என்று ஆளாளுக்குக் கேட்டு வாங்கினார்கள். மீனின் உடம்பிலிருந்து எடுப்பது வேறு, ஈரலிலிருந்து எடுப்பது வேறு, கண்ணுக்கான சத்து ஈரல் எண்ணெயில்தான் அதிகம் என்று நானும் நாளைக்குப் பத்துப் பேருக்கு நின்றுகொண்டே பாடம் எடுப்பேன். இந்த ஒருத்திக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உண்மை என்ன? கொடுத்திருந்தால் கண் நின்றிருக்கலாம். அந்த இரண்டு கரண்டி போதாமல் போயிருக்கவும் கூடும். அப்படித்தான் எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் 'நின்றிருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லை நான் என் அம்மாவின் கையில் எப்படிக் கொடுப்பேன்?

"இல்லம்மா. அது வேற, இது வேற. அன்னிக்கு வந்தது முத்துன அம்ம. எத குடுத்திருந்தாலும் நின்னிருக்காது."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. வாய்தான் நீளம். கடை முதலாளி தவுக்கே அந்தப் பக்கம் மணிச்சட்டத்தைத் தட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புடியா" என்றாள். "சரி, ஒரு போத்தல் குடு."

"எதுக்கும்மா?"

"பூங்கொடிக்கு."

"இப்ப எதுக்கும்மா அவளுக்கு? இனிமே..."

"குடுன்னா குடேன்டி."

ஈரல் எண்ணெய் மாத்திரையிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மீனுன்னு அவகிட்ட சொல்லிப்புடாத. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறேன்."

அதற்கப்புறம் அவள் கடைக்கு வரவில்லை. போத்தல் தீரும் சமயம் யாராவது தோட்டத்து ஆளிடம் காலிப் போத்தலைக் கொடுத்துவிடுவாள். நான் நிறைத்து அனுப்புவேன்.

பக்கத்து வீட்டு ரேடியோ

அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். பூங்கொடி தரையில் உட்கார்ந்து கோவிலுக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். கண் உள்ளவர்கள் கட்டினால்கூட அவ்வளவு நெருக்கமாக வராது. ரேடியோ பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அவளுக்கு அதுதான் துணை.

"அக்கா, அம்மா தெனமும் காலைல ஒரு சத்து மாத்திரை குடுக்குறாங்க" என்றாள்.

"அப்படியா? நல்லதுதானே."

"ஒருநாள் கடிச்சுப் பாத்துட்டேன்க்கா." சிரித்தாள். "காட்டு எண்ணெ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரேடியோவ அணைச்சா போதும்னு நெனச்சுட்டாங்க அம்மா" என்றாள் பூங்கொடி. "லயத்துல நம்ம வீட்ல மட்டுமா ரேடியோ இருக்கு? பக்கத்து வீட்லயும் அதே டாக்டருதான் பேசிக்கிட்டு இருந்தாரு. அம்மா கொல்லப் பக்கம் போயிட்டாங்க. நான் மிச்சத்த செவுத்துல காத வச்சுக் கேட்டேன்."

"கோவம் வரலையாடி ஒனக்கு?"

"வராமலா? ரெண்டு மூணு நாளு சோறு எறங்கல. அம்மா கொரலு கேட்டாலே எரிஞ்சுச்சு. அப்புறம் ஒருநா ஈப்போ போயிட்டு வந்தாங்க. மறுநா காலைல இந்த மாத்திரையக் கொண்டாந்து கைல வச்சாங்க. நான் முழுங்குற வரைக்கும் என் கைய விடவே இல்லக்கா. என்னால வேணாம்னு சொல்ல முடியல."

கட்டிய பூச்சரத்தை அளந்து பார்ப்பதுபோல் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதலா."

ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பேரும், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, என்னிடம் இதைக் கொடுத்து வைத்தார்கள். நல்ல ஆளைப் பார்த்தார்கள். வாயில் எதுவும் நிற்காது என்று பெயரெடுத்தவள் நான். ஆனாலும் இதை மட்டும் இந்த வாரம்வரை யாரிடமும் சொன்னதில்லை.

வேப்பிலை கட்டிய இன்னொரு வாசல்

அம்மா ஒருநாளும் தவறவில்லை. வெள்ளிக்கிழமையும் கொடுத்தாள். புரட்டாசியிலும் கொடுத்தாள். தான் விரதம் இருந்துகொண்டே, குளித்து விபூதி பூசிய கையாலேயே, அந்த மீனை எடுத்து மகளின் கையில் வைத்தாள். எந்தச் சாமியிடம் என்ன பேசிக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு வருஷம், எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டது. தாய் சின்னப் பெண், அம்மாவின் கொட்டகையில் வளர்ந்தவள். அன்று நான் தோட்டத்தில் இருந்தேன். அம்மா அலமாரியைத் திறந்து மாத்திரைகள் சிலவற்றை எடுத்தாள். ஊசியால் குத்தி, எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் பிழிந்தாள். முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வாசலில் வேப்பிலை. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆயா, உள்ள ஆத்தா இருக்கா."

"தெரியும்டி. இத புள்ளைக்கு ஊத்து. கிளினிக்கு தாதி வந்தாங்கன்னா கண்ணையும் காட்டு. இருட்டுல போட்டு வைக்காத."

அந்தப் பெண் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னமோ மீனு வாட அடிக்கிற மாதிரி இருக்கு ஆயா."

அம்மா அவளை நேராகப் பார்த்தாள்.

"மீனு இல்லடி. காட்டு எண்ணெ. காட்டுல இருந்து வர்றது நாறத்தான் செய்யும். குடு."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை தேறியது. எண்ணெயால் தேறியதா, தாதி வந்து பார்த்ததால் தேறியதா, தானாகத்தான் தேறியதா, யார் சொல்ல முடியும்? அதன் கண் இரண்டும் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கடையில் நான் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது.

உள்ளங்கை

எண்பதுகள் முடியுமுன் அம்மா போய்விட்டாள். கொட்டகை வேலையும் அதற்கு முன்பே போயிருந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆட்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் எடுக்கும்போது கூட்டம் பாதை அடைத்தது. அவள் கையால் எண்ணெய் குடித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஞானமுத்து டிரசரும் வந்திருந்தார், ரொம்ப மெலிந்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு. பூங்கொடியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவள் "யாரு?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னார். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். அவரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை. அழுது ஓய்ந்த வீடு. பூங்கொடி எப்போதும் எழுகிற நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, எப்போதும் உட்காரும் இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்துப் பிடித்திருக்கிறாள். அவளுக்கே தெரியாமல் நீட்டியிருக்கிறாள். தினமும் அந்த நேரத்தில் அம்மா மாத்திரை வைத்த கை.

கோப்பிக் குவளையைக் கீழே வைத்தேன். அலமாரியைத் திறந்தேன். போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது. ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் திடுக்கிட்டாள். விரல்கள் மூடின. என் விரல் அம்மாவின் விரல் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? மாத்திரையைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்து அதிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாம்க்கா," என்றாள். "இது அம்மாவோட மருந்து. அவங்களுக்காகத்தான் நான் சாப்புட்டேன்."